பதினோராவது ஆளின் குறிக்கோள்

என் பேத்தி எழுதிய பயோடேட்டாக்களை அடுக்கினால் கூரையைத் தொடும். சரி, பொய் எதற்கு? மேசையின் கடைசி இழுப்பறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இழுத்தால் திறக்காது.

வேதியியல் பட்டம் வாங்கி எட்டு மாதமாகிறது. குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் குடிப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் 'சோதனை'. அவளுக்கு வேண்டியது நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலை. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைதான்.

அதற்கு முன் ஒரு பெயின்ட் கம்பெனிக்குப் போய் மூக்குடைபட்டு வந்திருந்தாள். அதிகாரி தாளைப் பார்த்ததும் கொட்டாவி விட்டாராம்.

"'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் உயர்வுக்குப் பாடுபடுவேன்.' இன்னைக்கு இதையே எழுதிட்டு வந்த பதினோராவது ஆள்மா நீங்க."

எல்லாம் தெருமுனை அச்சுக்கடைக்காரர் கைங்கரியம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கணினியிலிருந்து ஒரே குறிக்கோளை எடுத்து ஒட்டுவார்.

வெள்ளிக்கிழமை அவளே யோசித்து எழுதினாள்: 'இந்தத் தண்ணீர் நல்லது என்று நான் கையெழுத்திட்டால், என் பாட்டி யோசிக்காமல் குடிக்க வேண்டும்.' எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் கடைக்குப் போனேன். அச்சாகி வந்த தாளைப் பார்த்தால், மறுபடியும் சவாலான சூழல்!

"அண்ணே, நான் எழுதினது எங்க?"

"வீட்டுக் கதையப் போய் எழுதியிருந்தியேம்மா. நான் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணச் சொன்னேனா?"

"உன் நல்லதுக்குத்தான். எல்லாப் பிள்ளைங்களும் நம்ம கடைக்குத்தானே திரும்பத் திரும்ப வருது!"

"வேலை கிடைச்சா ஏண்ணே திரும்ப வரப்போகுது? எந்திரிங்க."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தன் வரியைத் தானே தட்டினாள். மணி நாலரை. தாள் ஆறுவதற்குள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நகராட்சி அலுவலகத்தில் ஜன்னலை இழுத்து மூடப்போன குமாஸ்தா, சலித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

நேற்று கடிதம் வந்தது. ஆயிரம் பேரில் இவளைப் பொறுக்கியெடுத்து வேலையைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று இங்கே எழுதும்போது, தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் பேனாவைப் பிடித்தது.

"ஆயிரம் இல்ல பாட்டி, நாப்பது பேர். வேலையும் தரல, நேர்ல வரச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். அப்புறம், நான் எழுதினது 'என் வீட்டார்'னு. பாட்டி எங்கிருந்து வந்தா அதுல?"