இல்திகோவின் ஐந்தாவது எறிதல்

போன கிழமை விம்பிள்டனில் ட்ராமில் ஏறினேன். முன் இருக்கையில் யாரோ தசைவலித் தைலம் பூசியிருந்தார்கள். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு மணம் இருக்கும். எனக்கு அது இல்திகோவின் மணம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, மோர்டன் பக்கம் ஒரு மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். இல்திகோ என்று ஹங்கேரிக்காரி ஒருத்தி சுத்தியல் எறிந்து பழக வருகிறாள் என்றார்கள். ஆணி அடிக்கிற சாமானை ஏன் எறியவேண்டும் என்று யோசித்த அறிவாளி நான். வந்தது நீளக் கம்பியில் கோர்த்த இரும்புக் குண்டு. வலைக்கூண்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றி அவள் அதை விட்டபோது, எங்கேயோ நின்ற என் காலடியில் நிலம் அதிர்ந்தது.

அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனால் ஜெர்மன் தெரியும். அதனால் சிநேகிதமானோம். விடிய பேக்கரியில் ஷிப்ட், பின்னேரம் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பயிற்சி. முன்பு தன் நாட்டு அணிக்காக எறிந்தவள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீக்கிவிட்டார்கள். குறித்த தூரத்தை ஒரு போட்டியில் எறிந்து காட்டினால் திரும்பச் சேர்ப்பார்கள். அந்தக் கோடையோடு கெடு முடிந்தது. இன்னொரு கோடைக்கு முழங்கால் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கடைசிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. ஆள் போதாமல், குண்டு விழும் இடத்தில் அடையாள ஆணி குத்த என்னை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஆறு எறிதல். அவளுடைய முதல் நாலும் குறைவாகப் போயின. ஐந்தாவது கூண்டை விட்டுக் கிளம்பியபோதே தெரிந்துவிட்டது, இது போகும். நான் பின்வாங்கினேன். தொம்மென்று விழுந்தது.

தூரம் தாண்டிவிட்டது. ஆனால் விழுந்தது பக்கவாட்டு எல்லைக்கோட்டில், காலையில் நானே போட்ட கோட்டில். குண்டு கோட்டைத் தொட்டால் எறிதல் செல்லாது.

வயதான நடுவர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். உள்ளேயா வெளியேயா என்று தூரத்திலிருந்தே என்னைக் கேட்டார்.

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, அதிகாரிகளின் ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன் நான். தபாற்காரரின் காலடி கேட்டாலே கதவடிக்கு ஓடிய காலம் அது. முதல் தடவையாக அப்படியொரு சொல் என் வாயில் இருந்தது. சப்பாத்தால் குழியின் ஓரத்தைத் தேய்த்தேன். உள்ளே என்றேன்.

நடுவர் அளவுநாடாவைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் இல்திகோ கூண்டிலிருந்து நடந்து வரத் தொடங்கியிருந்தாள். நொண்டி நொண்டி, அவ்வளவு தூரமும். வந்தவள் குந்தியிருந்து குழிக்குள் விரலை விட்டாள். ஈரம் காயாத வெள்ளைப் பூச்சு விரலில் ஒட்டியது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த விரலை நடுவரிடம் நீட்டினாள். அவர் செல்லாது என்று சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

ஆறாவது எறிதல் கோடுகளுக்குள் சுத்தமாக விழுந்தது. ஒரு சாண் குறைவு. நடுவர் இரக்கப்பட்டு மூன்று தரம் அளந்தார். அது அப்படியேதான் இருந்தது.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். அவள் ஜெர்மனில் சொன்னது என் நினைவில் என் பாஷையிலேயே இருக்கிறது.

"நீ எனக்காகத்தான் சொன்னனி, தெரியும். ஆனா எறிஞ்சது நான்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டவள், "நல்ல காலம்" என்றாள். "அவ பேசாமல் இருந்திருந்தா, நீங்கள் ரெண்டுபேரும் பிறகு முகம் பாத்துக் கதைச்சிருக்க ஏலாது."

கதைத்தோம். இலையுதிர் காலத்தில் அவள் ஊருக்குத் திரும்பும்வரை தினமும் கதைத்தோம். பிறகு இரண்டு கிறிஸ்மஸுக்கு நத்தார் அட்டைகள் வந்தன, அதோடு சரி.

இப்போது அங்கே கூண்டு இல்லை. புல்லை உரித்து, பந்தடிக்கச் செயற்கைத் தரை போட்டுவிட்டார்கள். அவளோடு பேசிய ஜெர்மனும், பேச ஆளில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ட்ராமில் மிஞ்சியிருந்த சொற்களை எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் வரவில்லை.