காலியாக வைத்த முதல் முக்கோணம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சர்க்யூட் வரைபடம் போடுகிறவன். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 'வரைந்தவர்' என்றொரு கட்டம். அதில் என் பெயர். போர்டு ஓடினால் அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓடவில்லை என்றால் மேனேஜரின் விரல் நேராக அங்கேதான் வந்து நிற்கும்.

போன மழைக்காலத்தில் பம்ப் ஒன்றுக்குக் கண்ட்ரோல் போர்டு. அதில் ஒரு சிப். வெளியே ஒரே கறுப்பு உடம்பு, உள்ளே நான்கு ஆம்ப்ளிஃபயர்கள். அதை ஒரே பெட்டியாக வரைந்தால் கோடுகள் மாங்காட்டுத் திருவிழாக் கூட்டமாக நெரியும். எனவே மென்பொருளில், ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்கு ஒரு முக்கோணம் என்று நான்காகப் பிரித்தேன்: ஏ, பி, சி, டி. மின்சாரம் வாங்கும் இரண்டு கால்கள் நான்குக்கும் பொது. அவற்றைத் தனியாக ஐந்தாவது துண்டாக வைக்கலாம் என்றேன்.

"கரண்டுக்குத் தனிக் குடித்தனமா? ஏ மேலயே ஒட்டுய்யா" என்றார் மேனேஜர். ஒட்டினேன்.

எங்கள் ஆபீசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. முதல் முக்கோணத்தை யாரும் எந்த வேலைக்கும் தொடக் கூடாது. எப்போதோ ஒரு கஸ்டமர் கடைசி நேரத்தில் கூடுதலாக ஏதோ கேட்டபோது, சும்மா கிடந்த ஏ மானத்தைக் காப்பாற்றியதாம். அன்றிலிருந்து அது, வராத பெரிய மனிதருக்குப் பந்தியில் போட்டுவைத்த இலை. மற்ற மூன்றும் வேலை செய்ய, ஏ தாளின் ஓரத்தில் நின்றது.

"அசிங்கமா நிக்குது. தூக்கு" என்றார் மேனேஜர்.

"சார், கரண்டு அதுலதான் வருது."

மவுஸை வாங்கி அவரே அழித்தார்; ஏ-வோடு மின்சாரக் கோடுகளும் போயின. மஞ்சள் எச்சரிக்கை எழுந்தது. "இது எப்பவும் கத்தும்" என்று மூடினார். கையோடு ஃபைலை போர்டு அடிக்கவும் அனுப்பிவிட்டார். என்ன வேகம்! அறிவுக்குத்தான் அந்த அவசரம் கிடையாது.

போர்டு வந்தது. சாலிடர் வைக்கிற நண்பர் தட்டிப் பார்த்தார். "அண்ணாத்தே, சிப்பு செத்துப்பூட்ச்சா, தூங்கிகினு கீதா?"

"டூப்ளிகேட் சிப்பு. மாத்து" என்றார் மேனேஜர். மாற்றியும் அதே பிணம். போர்டைப் பார்க்க வந்துகொண்டிருந்த கஸ்டமரின் கார் ஐயப்பன்தாங்கலைத் தாண்டியிருந்தது. விரல் மூலைக் கட்டத்துக்கு வந்தது. "இது ஓடலைன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

வரைபடத்தைத் திறந்து, ஏ இல்லாத இடத்தைக் காட்டினேன். "அன்னைக்கே சொன்னேனே சார்."

"சொன்னே. கவிதை மாதிரி சொன்னே. எவனுக்குப் புரியும்?"

பட்டினி கிடந்த இரண்டு கால்களுக்கும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து தனித்தனியாக மெல்லிய சிவப்பு ஒயரை வைக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது. "சலைன் ஏத்தியாச்சு நைனா, பொழச்சிக்கிச்சு" என்று நண்பர் சிரித்தார்.

கஸ்டமர் வந்தார், ஒயரைப் பார்த்து முகம் சுளித்தார். "இது என்ன?"

"டெஸ்டிங்குக்கு சார்" என்றார் மேனேஜர். " ஆனா பாருங்க, முதல் பார்ட்டை உங்களுக்காகவே காலியா வச்சிருக்கோம்." கஸ்டமர் மெய்மறந்து தலையாட்டினார். மடமைக்கும் ஒரு மார்க்கெட் இருக்கிறது.

மறுநாளும் வேலைக்குப் போனேன். ஐந்தாவது துண்டை வரைந்து மின்சாரத்தை அதில் குடிவைத்தேன். பின்னால் வந்து நின்ற மேனேஜர் திருப்தியாகப் பார்த்தார்.

"இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். அந்த ஏ-வை மட்டும் யாருக்கும் குடுத்துடாதே."