நகராத பட்டன்

இடது கையில் தேநீர்க் கோப்பை. வலது ஆள்காட்டி விரல் செல்போனில் ஒரு பட்டனுக்கு மேல் மயிரிழை உயரத்தில் நிற்கிறது. அமுக்கமாட்டாள், காத்திருப்பாள். காதலனுக்காகக்கூட யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

அலுவலகத்தில் அவள் பெயர் ஆமை அக்கா. இணையப் பக்கங்கள் செய்வது தொழில். சோதிக்கும்போது மட்டும் வேண்டுமென்றே நெட் வேகத்தைக் குறைத்துவிடுவாள். "ஓடுறப்ப எல்லாப் பக்கமும் அழகுதான். நொண்டுறப்பதான் லட்சணம் தெரியும்" என்பாள்.

அவளுடைய பரம எதிரி, முதலாளி ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த சிங்கார எழுத்துரு. அது நெட் வழியே எங்கிருந்தோ இறங்கி வர வேண்டும். அதுவரை போனில் இருக்கும் சாதா எழுத்து இடம் பிடித்து வைத்திருக்கும். மகாராணி வந்ததும் எழுந்து வழிவிடும். மகாராணியோ உடம்பில் சற்று அகலம்! வரி பிதுங்கி அடுத்த வரியில் விழ, கீழே இருப்பதெல்லாம் ஒரு படி இறங்கும்.

அதில்தான் போன மாதம் அவள் அப்பா மோசம் போனார். இதய டாக்டரைப் பார்க்க நேரம் குறித்து, 'உறுதி செய்' பட்டனை அமுக்கப் போனார். மகாராணி எழுந்தருளினாள். மேலே இருந்த 'ரத்து செய்' நழுவி வந்து விரலடியில் நின்றது. ஐயோ, அந்த மனிதர் மருத்துவமனை நாற்காலியில் காலையெல்லாம் உட்கார்ந்திருந்தார், யாரும் கூப்பிடப் போகாத தன் பெயருக்காக! பக்கத்தைச் செய்தது சொந்த மகள். "உன் எழுத்து சிங்காரிச்சு முடிக்கறதுக்குள்ள என் மூச்சு நின்னுடும்டி." அன்றிலிருந்து சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அவருக்கு இந்த வசனம்தான்.

இன்று திருத்திய பக்கம் தயார். முதலாளி வந்து நின்றார்.

"சிங்காரம் வர்ற வரைக்கும் எழுத்தையே மறைச்சு வைம்மா. மேக்கப் போடாம ஹீரோயினை மேடையேத்துவாங்களா?"

"அதுவரைக்கும் ஜனங்க இருட்டுல உக்காரணுமா சார்? சாதா எழுத்தையே இழுத்து, உங்க ஹீரோயின் அகலத்துக்குக் கொண்டு வந்துட்டேன். ஆள் மாறும், இடம் மாறாது."

"நடக்கற கதையாம்மா?"

"அப்ப 'உறுதி செய்' மேல விரலை வைங்க. எங்கப்பாவோட அடுத்த அப்பாயிண்ட்மெண்ட். எழுத்து மாறுனதும் அமுக்குங்க. ரத்தாச்சுன்னா, வீட்டுக்கு வந்து நீங்களே அவருக்குப் பதில் சொல்லிக்கங்க."

முதலாளி விரலைப் பட்டனுக்கு மேல் அந்தரத்தில் நிறுத்தினார். கண் பட்டனை விட்டு அசையவில்லை. நெட் ஊர்ந்தது. சாதா எழுத்து வந்தது. பிறகு சிங்கார எழுத்து ஓசையின்றி வந்து அதே இடத்தில் அமர்ந்தது. ஒரு வரியும் இடம்பெயரவில்லை.

"கை வலிக்குதும்மா. எப்பதான் மாறும்?" என்றார் முதலாளி.

ஆமை அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் மூடியால் அவர் நகத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். விரல் பட்டனில் பதிந்தது; 'உறுதியானது' என்றது திரை, சிங்கார எழுத்தில்.