என் தங்கச்சி சாவைக் கேட்க வந்த கல்யாணி மேடம்

கல்யாணி மேடம் இறந்துவிட்டார். இன்று காலை, ஸ்ரீரங்கத்தில்... அவரிடம் வேலை பார்த்த பெண் போன் பண்ணிச் சொன்னாள்.

பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பிரசவத்தில் யாராவது செத்தால் அந்த வீட்டுக்கே போய், எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு எழுதி கவர்மெண்டுக்குக் கொடுப்பார். கடைசிவரை அதே வேலை.

என் தங்கச்சி மல்லிகாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தொட்டியத்துக்கு வந்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் கூட்டி வந்தது. பக்கத்திலேயே நின்றது.

அந்தம்மாவை வைத்துக்கொண்டு என்ன சொல்ல... நாளைக்கு என் பிள்ளைக்கு ஊசி போட அதனிடம்தானே போக வேண்டும்.

வலி வந்தும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று மல்லிகாதான் பிடிவாதம் பிடித்தாள் என்றேன். செத்தவள் மேலேயே பழி.

நான் சொன்னதை எழுதிய பேப்பரை நர்ஸம்மா அன்று சாயங்காலமே ஆபீசில் கொடுத்துவிட்டது.

மறுநாள் மேடம் தனியாக பஸ்ஸில் வந்தார். நான் வாழைத்தோப்பில் இருந்தேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து நர்ஸை வெச்சுக்கிட்டு உங்களைக் கேட்டது என் தப்புங்க. இப்ப சொல்லுங்க."

சொன்னேன். விடியும்போதே எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை என்று போய்ப் போய்ச் சொன்னேன், யாரும் எழுந்து வரவில்லை. மத்தியானம், திருச்சிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். முசிறி தாண்டும்போது...

மேடம் அழவில்லை. அப்போது மணி என்ன, அப்போது மணி என்ன என்றே கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது.

பேப்பரை மாற்ற என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். ஒரு சார் என்னைப் பார்த்து, "நீங்களே சொன்னதுதானம்மா?" என்றார்.

"அவங்க பயந்து சொன்னாங்க சார். நான் கேட்ட விதம்தான் தப்பு" என்றார் மேடம்.

மாற்றவே இல்லை.

போன மாசம் போன் பண்ணினேன். மேடத்துக்குக் குரலே எழும்பவில்லை. "இன்னும் மாறல செல்வி" என்றார். நானும் சரிங்க என்று வைத்துவிட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை... என் பேப்பரைத்தான் கேட்டேன்.

மல்லிகா பிடிவாதம் பிடிக்கவில்லை. நேரத்துக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பொய் சொன்னது நான்.

பேப்பரில் மாறாததை எல்லாரும் பார்க்க இங்கே எழுதிவிட்டேன். போய் வாருங்கள் மேடம்.