ஐந்து அட்டையும் எட்டு அட்டையும்

என் நாத்தனாருக்குத் தொழிற்சாலையில் 'அட்டைக்காரி' என்று பெயர். நாங்கள் பம்பு பூட்டும் இடத்தில் ஒரு வால்வுப் பெட்டியைத் திறந்தால், அதிலிருக்கும் கான்பன் அட்டை வால்வு செய்யும் பகுதிக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டி தயாராகும். எத்தனை அட்டை என்று கணக்குப் போட்டவள் அவள்தான். எங்களுக்கு மணிக்கு அறுபது வால்வு வேண்டும். அட்டை போய்ப் பெட்டி வந்துசேர இரண்டு மணி நேரம். ஆக, நூற்றிருபது. அவசரத்துக்குக் கால் பங்கு கூட்டினால் நூற்றைம்பது. பெட்டிக்கு முப்பது வீதம் ஐந்து அட்டை.

கணக்கில் ஓட்டையே இல்லை. ஆனால் தினமும் மதியம் வால்வு இல்லாமல் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நாளைக்கும் லைன் நின்னா அட்டையெல்லாம் குப்பைக்கு. நீங்களும் பழையபடி குடோனுக்கே போயிடுங்க" என்றார் மேலாளர் அவளிடம்.

எட்டு வருடம் குடோன் தூசியைத் தின்றவள் அவள். மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்திருந்தாள். வீட்டில் சாப்பிடாமல் காகிதத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அதையே முறைச்சா வால்வு வந்துடுமா? அட்டையையும் பெட்டியையும் வண்டியில தள்றவரைப் போய்க் கேளு."

"எதுக்குக் கேக்கணும் அண்ணி? நானே கையில கடிகாரம் வச்சுப் பார்த்தேன்."

ஆனாலும் மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடம் போனோம். முட்டியில் பட்டை கட்டியிருக்கும் மனிதர்.

"அட்டை போய்ப் பெட்டி வர மூணு மணி நேரம் ஆகும்மா" என்றார்.

"நான் பார்த்தப்ப ரெண்டுதானே ஆச்சு?"

"நீங்க கடிகாரத்தோட பின்னாடியே வந்தீங்க. மரியாதைக்கு ஓடினேன். வால்வு செய்யறவங்களும் உங்களைப் பார்த்துட்டு டீ குடிக்கவே போகல. அப்புறம் ரெண்டு நாள் என்னால முட்டியை மடக்க முடியல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கேயே நின்று கணக்கை மாற்றிப் போட்டாள். மூன்று மணி நேரத்துக்கு நூற்றெண்பது, கால் பங்கோடு இருநூற்று இருபத்தைந்து. ஏழரை அட்டை வந்தது. அட்டையைப் பாதியாக வெட்ட முடியாதே, எட்டு! கூடுதல் மூன்று அட்டைகளை உடனே வால்வுப் பகுதியில் கொடுத்தாள்.

மதியம் வந்தது. என் கை பம்பிலும் கண் வாசலிலும் இருந்தன. கடைசி வால்வை நான் எடுக்கும்போதே அடுத்த பெட்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மேலாளர் வந்து பார்த்தார்.

"எட்டா? சரி, எட்டே இருக்கட்டும்."

அப்பாடா! அவள் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கே கண் கலங்கியது.

அப்போது வண்டிக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, வண்டியை வேகமாகத் தள்ள ஆரம்பித்தார்.

"அண்ணே, ஓடாதீங்க" என்று கத்தினாள் அவள். "உங்க நடைக்குத்தான் கணக்கு போட்டிருக்கேன்!"