கொய்யா மரத்து வெள்ளை மைனா

ஐந்தாம் வகுப்பில் எனக்குப் புளுகுணி என்று பேர். ஜூஜுவாடியில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொய்யா மரத்துக்கு ஒரு வெள்ளை மைனா வருகிறது என்று சொன்னதுதான் நான் செய்த பாவம். வெள்ளையாக இருந்தால் அது கொக்கு என்று வகுப்பே சிரித்தது. படம் காட்டாமல் இனி அங்கே தலை நிமிர முடியாது.

வீட்டில் கேமரா உள்ள போன் அப்பாவுடையது மட்டும்தான். அவருக்கு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். முந்தின மாதம் தூக்கம் கெட்டுப்போய் வேலைக்குப் போன அன்று, மெஷினுக்குள் கை மாட்டப் பார்த்தது. அதிலிருந்து அம்மா குக்கர் விசிலைக்கூட வரவிடுவதில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "அப்பாவ மட்டும் எழுப்பிடாத சாமி. கை போனா வராது," என்றாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மைனா வந்துவிட்டது. உடம்பெல்லாம் வெள்ளை, அலகும் கண்ணோரமும் மட்டும் மஞ்சள். மற்ற மைனாக்கள் இரண்டு அதைக் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் தலைமாட்டிலிருந்த போனை எடுத்தேன். அது விரல் கேட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய வலது பெருவிரலில் போனை ஒற்றினேன். திறக்கவில்லை. மறுபடியும் ஒற்றினேன். இல்லை. வெளியே கத்தல் கூடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள்காட்டி விரலைத் தொட்டதும் அப்பா புரண்டார். போச்சு, எழுந்துவிட்டார் என்று கல்லாகிவிட்டேன். ஆனால் கண் திறக்கவில்லை. இடது கை மட்டும் என் பக்கம் வந்து விழுந்தது, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு. அதில் ஒற்றினேன். திறந்துகொண்டது.

இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் கொடிக்கயிறுதான் விழுந்தது. இன்னொன்றில் மைனாவின் கண்கூடத் தெரிந்தது. அதற்குள் அது பறந்துவிட்டது, பிறகு வரவே இல்லை.

சாயங்காலம் அம்மா போனில் படத்தைப் பார்த்துவிட்டு என்மேல் கையை ஓங்கினாள். அப்பா குறுக்கே வந்தார். "விடு. நான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன். எனக்கு ஒண்ணுமே தெரியல," என்றார். கண்கள் சிவந்திருந்தன. அப்படியே கம்பெனி பஸ் ஏறிப் போனார். நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

போன வருடம் அவருக்குப் புதுப் போன் வாங்கி விரல் பதிய உட்கார்ந்தோம். தகடு பிடித்துப் பிடித்து ஒன்பது விரலிலும் ரேகை இல்லை. பதிந்தது இடது சுண்டுவிரல் ஒன்றுதான். "எப்பவும் இது ஒண்ணுதான் எடுக்கும்," என்றார், போனைப் பார்த்தபடியே.

அப்படியென்றால் அன்று அவர் தூங்கவே இல்லை. அந்தச் சிவந்த கண்ணோடுதான் ராத்திரி முழுக்க மெஷினுக்குள் கையை விட்டு எடுத்திருக்கிறார். அவர் கைகளைப் பிடித்துப் பத்து விரலும் இருக்கின்றனவா என்று, இத்தனை வருடம் கழித்து, எண்ணிப் பார்த்தேன்.