அமிர்தம் சொன்ன சாட்சி

கே.கே. நகரில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள் அமிர்தம். புருஷன் செத்த பிறகு பதினாறு வருஷமாக அவளேதான் கரிப்பெட்டியால் துணி தேய்த்தாள். எதிர்வீட்டு மகாலட்சுமி மதியமானால் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து தருவாள்.

ஒரு நாள் பட்டப்பகலில் மகாலட்சுமியையும் அவள் மாமியாரையும் கழுத்தறுத்துவிட்டு நகையோடு ஓடினான் ஒருவன். முந்தின மாதம் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவன். அவன் கேட்டைத் தாண்டி வந்ததைப் பார்த்தது அமிர்தம் மட்டும்தான். கோர்ட்டில் கூண்டேறி, "இவருதாங்க" என்று கைகாட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தும் சொன்னதை மாற்றவில்லை.

தூக்கு என்று தீர்ப்பானதும் தெருவில் வெடி போட்டார்கள். மகாலட்சுமியின் கணவர் முருகானந்தம் வண்டிக்கே வந்து கும்பிட்டார்.

"அக்கா, உங்களாலதான் அவனுக்குத் தூக்கு கெடச்சுது."

'உங்களாலதான்' என்ற அந்தச் சொல் அவளை விடவில்லை. மறுவாரம் அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

"நான் சொன்னது சத்தியம் சார், அத மாத்த வரலை. அவன் ஜெயில்லயே கெடந்து சாகட்டும். தூக்குல மட்டும் போட வேணாம்னு நான் எழுதித் தரலாங்களா?"

"பார்த்ததைச் சொன்னீங்க, உங்க வேலை முடிஞ்சுதும்மா. தண்டனையை மதுரை ஐகோர்ட் பாத்துக்கும்."

"எனக்கு இன்னும் முடியலீங்களே சார்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முருகானந்தம் மறுபடி வந்தார். இந்த முறை கும்பிடவில்லை.

"அவ ஒங்களுக்கு என்னக்கா கொறை வச்சா?"

"ஒண்ணும் வைக்கல தம்பி. அவள நெனைக்காத நாளில்ல."

அவர் நம்பவில்லை. அவர் வீட்டுத் துணி வருவது நின்றது. பிறகு ஒவ்வொரு வீடாக நின்றது.

பதினோரு மாதம் கழித்து, ஐகோர்ட் தூக்கை ஆயுளாகக் குறைத்த செய்தியை டீக்கடை டிவியில் பார்த்தாள். மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. உடனே மகாலட்சுமியின் முகம் நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது. கடையில் எல்லோரும் கோர்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இப்போது வண்டி திருவானைக்காவலில் நிற்கிறது. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. போன வாரம், தேய்த்த துணியை வாங்க வந்த இரண்டு பேர் வேறேதோ ஊர்க் கொலையைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். தூக்கில் போடத்தான் வேண்டும் என்றார் ஒருவர். கூடாது என்றார் மற்றவர்.

"நீங்க சொல்லுங்கக்கா, போடலாமா வேணாமா?"

"எனக்கு என்னங்க தெரியும்," என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து கரியை ஊதினாள் அமிர்தம்.